ஒரு சிகாகோ பொட்டலின் கதை

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் பள்ளிக்கூடத்து மைதானங்களை விட்டால் பையன்கள் ஆடுவதற்கென்று ஒதுக்கிய இடம் குறைவு. மழை பொய்த்த வருஷம் கண்மாய் வற்றியதும் உள்ளே இறங்கிவிடுவார்கள். மூன்று சீமைக்கருவேலங் குச்சி, ஒரு ரப்பர் பந்து, ஆட்டம் ஆரம்பம். அடுத்த ஐப்பசியில் மழை ஏமாற்றாமல் பெய்தால் பிட்ச் தண்ணீருக்கடியில் போய்விடும். மைதானம் போச்சே என்று யாரும் அழுவதில்லை. கண்மாய் பெருகியதே என்று கலுங்கைப் பார்க்கப் போவார்கள். ஒரே நிலம் ஒரு காலத்தில் ஒரு வேலை செய்யும், இன்னொரு காலத்தில் இன்னொரு வேலை செய்யும் என்பது இந்தக் கரிசல்காட்டுக்குப் பழகிய சங்கதி.

அப்படி வேலை மாறிக்கொண்டே வந்த ஒரு பொட்டல் சிகாகோ நகரத்தின் தென்பகுதியில், 57-ஆம் தெருவும் எல்லிஸ் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. முதலில் அது பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் பேஸ்பாலும் அமெரிக்கக் கால்பந்தும் ஆடிய மைதானம். பிறகு உலகத்தின் முதல் அணு உலை எரிந்த இடம். இன்றைக்கு அங்கே ஒரு நூலகம். இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதோடுதான் நமக்குச் சம்பந்தம் அதிகம். ஆனால் கதையை முதலிலிருந்து சொன்னால்தான் அது விளங்கும்.

சிகாகோ பல்கலைக்கழகம் 1892 அக்டோபர் 1-இல் வகுப்புகளைத் தொடங்கியது. முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். யேல் பல்கலைக்கழகத்தில் எபிரேய மொழி கற்பித்தவர். அங்கே அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக். பாதிரியாராக வேண்டும் என்று இறையியல் படிக்க வந்த ஸ்டாக், யேல் பேஸ்பால் அணியின் பேர்போன பிட்சராகிவிட்டார். தொழில்முறை அணிகள் பணத்தோடு வந்து கூப்பிட்டன. அந்த மைதானங்களில் சாராயம் விற்கிறார்கள், அங்கே ஆட வரமாட்டேன் என்று மறுத்தார். மேடைப் பேச்சு வரவில்லை என்று பாதிரியார் ஆசையையும் விட்டார். பிள்ளைகளுக்கு ஒழுக்கத்தைப் பிரசங்கத்தால் கற்பிப்பதைவிட ஆட்டத்தால் கற்பிப்பது தனக்கு எளிது என்று முடிவு செய்தார். ஹார்ப்பர் அவரை உடற்கல்வித் துறைக்குப் பேராசிரியர் அந்தஸ்தோடு அழைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் ஒரு பி.டி. மாஸ்டருக்கு அப்படி ஒரு நாற்காலி கிடைப்பது பெரிய விஷயம். இந்தக் காலத்திலும்தான்.

ஸ்டாக் சிகாகோ வருமுன் இரண்டு வருஷம் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் இருந்தார். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் அங்கே அவருக்கு உடன் ஆசிரியர். பின்னாளில் அதே பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். நம் ஊர்ப் பள்ளிகளில் விசில் ஊதிய டிரில் மாஸ்டர்களில் பலர் அந்தக் கல்லூரியில் பயின்றவர்கள், அல்லது அங்கே பயின்றவர்களிடம் பயின்றவர்கள். தென்மாவட்டத்துக் கிராமங்களில் சாயங்காலம் வலை கட்டி வாலிபால் ஆடுகிறார்களே, அந்த ஆட்டமும் பிறந்தது ஒய்.எம்.சி.ஏ. கூடத்தில்தான்.

மைதானத்துக்கு வருவோம். மார்ஷல் ஃபீல்டு என்பவர் சிகாகோவின் பெரிய ஜவுளிக்கடை முதலாளி. பல்கலைக்கழகத்துக்கு நிலம் கொடுத்தவர். அவருடைய காலிமனை ஒன்றை ஆடுவதற்கு வாங்கிக்கொண்டார் ஸ்டாக். 1893-இல் அங்கே ஆட்டம் தொடங்கியது. முதலாளியின் பெயரே மைதானத்துக்கும் பெயர்.

பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ படம் பார்த்தவர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். சுருக்கமாகச் சொன்னால், ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு தளங்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி. மட்டையால் அடித்தவர் நான்கையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். பந்து தரையில் குத்தி எழும்புவதில்லை, நேராக மட்டைக்கு வருகிறது. பந்தெறிபவர் 60 அடி 6 அங்குலத்திலிருந்து எறிய வேண்டும். அந்தத் தூரம் முடிவானதும் 1893-ஆம் வருஷம்தான். இலையுதிர் காலத்தில் கால்பந்து, வசந்தத்தில் பேஸ்பால், கூடவே ஓட்டப் பந்தயம் என்று ஒரே தரையை மூன்று ஆட்டங்கள் பங்கு போட்டுக்கொண்டன. எல்லாவற்றுக்கும் பயிற்சியாளர் ஸ்டாக்.

அதே 1893-இல், மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில், உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. பெர்ரிஸ் என்ற பொறியாளர் கட்டிய 264 அடி உயர ராட்டினம் அங்கேதான் முதன்முதலாகச் சுற்றியது. ஒரு பெட்டிக்கு 60 பேர், மொத்தம் 36 பெட்டி. நம் ஊர்ப் பொங்கல் விழாக்களில் சுற்றும் எந்திர ராட்டினங்களுக்கு அது முன்னோடி. அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வ சமயப் பேரவையில்தான் விவேகானந்தர் செப்டம்பர் 11-ஆம் தேதி பேசினார். அவரைச் சிகாகோ போகும்படி தூண்டி ஆதரித்தவர்களில் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. அதே வருஷம் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற 13 வயதுப் பையன் தகப்பனாரை இழந்து மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். பின்னர் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த அவனுக்குப் படிப்பைவிடக் கால்பந்திலும் மல்யுத்தத்திலும்தான் நாட்டம் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. மூன்று வருஷத்தில் திருவண்ணாமலைக்கு ரயிலேறி, பிறகு ரமண மகரிஷி ஆனவர் அவர்தான். ஸ்டாக் சிகாகோவில் ஆட்டத்தை வைத்து ஆளை உருவாக்கலாம் என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில் அமெரிக்கப் பாதிரிமார் மதுரையிலும் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார்கள்.

மைதானம் வளர்ந்தது. 1905-இல் மிச்சிகன் அணி 56 ஆட்டமாகத் தோற்காமல் வந்தது. அதைச் சிகாகோ 2-0 என்று இந்தத் தரையில் தோற்கடித்தது. 1914-இலிருந்து மைதானத்துக்கு ஸ்டாக் பெயரையே வைத்தார்கள். உயிரோடு இருக்கும்போதே, வேலையில் இருக்கும்போதே தன் பெயர் வைத்த மைதானத்தில் பயிற்சி கொடுத்த மனிதர் அவர். மேற்குப் பக்கம் கோட்டைக் கொத்தளம் மாதிரி காங்கிரீட்டில் பார்வையாளர் மாடம் எழுந்தது. 1920-களில் 50,000 பேருக்கு மேல் உட்காரும்படி விரிந்தது. மாடத்தின் அடியில் காலியாகக் கிடந்த இடத்தில் சுவர்ப்பந்து ஆடும் கூடங்கள் கட்டினார்கள். இந்தக் கூடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேஸ்பாலில் சிகாகோ அணிக்கு வேறொரு சரித்திரம் உண்டு. 1910-இல் அந்த அணி கப்பலேறி ஜப்பானுக்குப் போய் தோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தோடு ஆடியது. மறுவருஷம் வசேடா அணி சிகாகோ வந்தது. 1930 வரை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சிகாகோப் பிள்ளைகள் ஜப்பான் போவதும், நடுவில் அவர்கள் இங்கே வருவதும் வழக்கமாக இருந்தது. இரண்டு நாட்டு மாணவர்கள் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிக்கொண்ட ஆட்டம். அது 1945-க்கு முந்தைய கதை என்பதை மறந்துவிட்டுப் படிக்க முடிவதில்லை.

1929-இல் தலைவராக வந்தார் ராபர்ட் மேனார்டு ஹட்சின்ஸ், வயது 30. அவருக்கு விளையாட்டு என்றாலே ஆகாது. 70 வயது நிறைந்த ஸ்டாக்கை 1932-இல் ஓய்வில் அனுப்பினார்கள். அவர் கலிபோர்னியா போய் வேறொரு கல்லூரியில் பயிற்சி கொடுத்து, 102 வயது வரை வாழ்ந்தார். சிகாகோ கால்பந்து சரிந்தது. 1935-இல் சிறந்த வீரருக்கான முதல் ஹைஸ்மன் கோப்பை சிகாகோவின் ஜே பெர்வாங்கருக்கே கிடைத்தது உண்மை. ஆனால் அணைகிற விளக்கின் கடைசி வெளிச்சம் அது. 1939-இல் அதே மிச்சிகனிடம் அதே மைதானத்தில் 85-0 என்று தோற்றார்கள். அந்த டிசம்பரிலேயே ஹட்சின்ஸ் கால்பந்தை அடியோடு ஒழித்தார். பேஸ்பால் போன்றவை தொடர்ந்தன. ஆனால் 50,000 இருக்கைகளுக்கு ஆள் வருவதற்கு வழியில்லை.

இதே ஹட்சின்ஸுக்குத் தமிழர்கள் ஒரு நன்றி சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பூர்வீகக் குடும்பத்தில் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் போன சுப்ரமணியன் சந்திரசேகர் 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பல்கலைக்கழகத்தின் வானாய்வகம் விஸ்கான்சினில் இருந்தது, வேலையும் அங்கேதான். சிகாகோ வளாகத்துக்கு வந்து வானியல் பாடம் நடத்தட்டும் என்று ஏற்பாடு செய்தபோது, அறிவியல் புலத்தின் டீன் அவருடைய நிறத்தைக் காரணமாக வைத்துத் தடுத்தார். விஷயம் ஹட்சின்ஸ் காதுக்குப் போனது. சந்திரசேகர் பாடம் நடத்தத்தான் செய்வார் என்று ஹட்சின்ஸ் முடித்துவிட்டார். அவ்வளவுதான், விவாதமே இல்லை. 27 வயதுத் தமிழருக்கு அன்று அந்தக் கதவு திறக்காமல் போயிருந்தால் 1983-இன் இயற்பியல் நோபல் எந்த ஊர்க் கணக்கில் எழுதப்பட்டிருக்குமோ. கால்பந்தை ஒழித்தவர் என்று ஹட்சின்ஸை இன்னும் திட்டுகிறவர்கள் உண்டு. என் தராசில் சந்திரசேகர் பக்கம்தான் தாழ்கிறது.

காலியாகக் கிடந்த மைதானத்துக்கு 1942-இல் புது வாடகைக்காரர்கள் வந்தார்கள். போர்க்காலம். ஆர்தர் காம்ப்டன் தலைமையில் ‘உலோகவியல் ஆய்வுக்கூடம்’ என்று பொய்ப் பெயர் வைத்துக்கொண்டு அணுப் பிளவை ஆராய ஒரு கூட்டம் சேர்ந்தது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து என்ரிகோ ஃபெர்மி வந்தார். கொலம்பியாவில் அவர் இதே வேலையைத் தொடங்கியபோது யுரேனிய டப்பாக்களைத் தூக்கிச் சுமக்க விஞ்ஞானிகளின் கையில் தெம்பில்லை. கல்லூரிக் கால்பந்து வீரர்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டார்கள். தடிமாடு மாதிரி இருந்த பிள்ளைகள் ஐம்பது, நூறு பவுண்டு டப்பாக்களை, மற்றவர்கள் மூன்று நான்கு பவுண்டைத் தூக்குவதுபோல் தூக்கினார்கள் என்று ஃபெர்மி பின்னாளில் ரசித்துச் சொன்னதுண்டு.

அந்தக் கொலம்பியாவிலும் ஒரு பேஸ்பால் மைதானம் இருந்தது, சௌத் ஃபீல்டு என்று பெயர். வளாகத்தின் நட்டநடுவில். 1913 முதல் 1916 வரை அம்பேத்கர் அங்கே படித்த காலத்தில் அது ஆடுகளம். 1923-இல் லூ கேரிக் என்ற மாணவர் அங்கே அடித்த பந்துகளைப் பார்த்துத்தான் நியூயார்க் யாங்கீஸ் அணி அவரை வளைத்துப் போட்டது. அதன் தென்பாதியில் 1934-இல் பட்லர் நூலகம் எழுந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பேஸ்பால் மைதானம் நூலகமாவது ஏதோ சம்பிரதாயம் போலிருக்கிறது.

சிகாகோவில் அணு உலையைக் கட்ட நகருக்கு வெளியே ஆர்கான் காட்டில் கட்டடம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டுமானத் தொழிலாளர் வேலை நிறுத்தத்தால் அது நின்றுபோனது. நாள் போய்க்கொண்டிருந்தது. மைதானத்து மேற்கு மாடத்துக்கு அடியிலே இருக்கும் சுவர்ப்பந்துக் கூடத்திலேயே கட்டிவிடலாம், பாதுகாப்பாக நிறுத்த முடியும் என்று ஃபெர்மி கணக்குப் போட்டுக் காட்டினார். 30 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத்தின் நடுவே! காம்ப்டன் சரி என்றார். பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸிடம் சொல்லவில்லை. அவர் சட்டம் படித்தவர், இயற்பியல் தெரியாது, கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார், அது தவறான பதிலாக இருக்கும் என்பது காம்ப்டனின் நியாயம். வீட்டுக்காரரிடம் கேட்காமல் கொல்லையில் வெடி வைக்கிற நியாயம் இது. பலித்தது என்பதற்காக அதை நியாயம் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசில்லை.

நவம்பர் 16-ஆம் தேதி அடுக்கத் தொடங்கினார்கள். பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட். கிராஃபைட் கட்டிகளை மரச்சாமான் அறுக்கிற இயந்திரங்களில் அறுத்து இழைத்தார்கள். கரித்தூள் பறந்து தரை வழுக்கியது. முகமும் உடம்பும் கரி. இறைச்சித் தொழிற்சாலைப் பேட்டையில் படிப்பை விட்ட இளவட்டங்களைக் கூலிக்குப் பிடித்தார்கள். என்ன கட்டுகிறோம் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. மாடத்தடியில் வெதுவெதுப்புக்கு வழியில்லை. காவலுக்கு நின்றவர்கள் குளிரில் விறைத்தார்கள். பழைய லாக்கர்களைக் குடைந்தபோது கால்பந்துக் காலத்துக் கரடுமுரடான ரக்கூன் ரோமக் கோட்டுகள் கிடைத்தன. அவற்றை மாட்டிக்கொண்டு துப்பாக்கியோடு நின்றார்கள். ஆட்டக்காரர்கள் போனாலும் கோட்டு மிச்சம் இருந்தது.

57 அடுக்கு. சுமார் 45,000 கிராஃபைட் கட்டிகள், எடை 360 டன் அளவு. நடுநடுவே யுரேனியமும் யுரேனிய ஆக்சைடும், அது ஏறத்தாழ 50 டன். வேலை செய்யும் விதம் கேட்க எளிது. யுரேனிய அணு பிளந்தால் நியூட்ரான்கள் தெறிக்கும். அவற்றின் வேகத்தைக் கிராஃபைட் தணித்தால் அவை போய் அடுத்த அணுவைப் பிளக்கும். அங்கே தெறிப்பவை அடுத்ததை. கட்டுக்கு அடங்காமல் பெருகினால் ஆபத்து. அதனால் நியூட்ரானை விழுங்கும் காட்மியம் பூசிய தண்டுகளை உள்ளே செருகி வைத்தார்கள். தண்டை இழுத்தால் எரியும், தள்ளினால் அணையும்.

1942 டிசம்பர் 2. காலையிலிருந்து தண்டை அங்குலம் அங்குலமாக இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் அளவெடுத்து, கையடக்க சிலைடு ரூலில் ஃபெர்மி கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு பாதுகாப்புத் தண்டு தானாக விழுந்து எல்லோரையும் திடுக்கிட வைத்தது. எனக்குப் பசிக்கிறது, சாப்பிட்டு வரலாம் என்று கிளம்பினார் ஃபெர்மி. உலகத்தைத் திருப்பப்போகிற மனிதர் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடவில்லை. பிற்பகலில் திரும்பி வந்து தொடர்ந்தார்கள். கூடத்தில் நின்றவர்களில் லியோனா உட்ஸ் ஒருவர்தான் பெண். ஒருவர் கோடாலியோடு நின்றார். எல்லாம் தவறிப்போனால் கயிற்றை வெட்டி அவசரத் தண்டை விழவைக்க வேண்டும். உலைக்கு மேலே மூன்று இளைஞர்கள் காட்மியக் கரைசல் ஜாடிகளோடு, ஊற்றத் தயாராக. கடைசித் தண்டை ஜார்ஜ் வெயில் இழுத்தார். எண்ணிக் கருவியின் டிக் டிக் ஒலி ஒன்றோடொன்று கலந்து ஒரே இரைச்சலானது. உலை தன் காலில் நின்றது. கிடைத்த சக்தி அரை வாட். ஒரு சாதாரண வீட்டு பல்பு எரியக்கூடக் காணாது. நாலரை நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினார்கள்.

யூஜின் விக்னர் ஒரு இத்தாலிய ஒயின் பாட்டிலை எடுத்தார். காகிதக் கோப்பைகளில் ஆளுக்கு ஒரு வாய். வாழ்த்துச் சொல்லாமல் குடித்தார்கள். எல்லோரும் போன பிறகு லியோ சிலார்ட் ஃபெர்மியின் கையைக் குலுக்கி, மனித வரலாற்றில் இது கறுப்பு நாளாக இருக்கப்போகிறது என்று சொன்னதாக அவரே பதிந்திருக்கிறார். அணுத் தொடர்வினையை முதலில் யோசித்தவர்களில் ஒருவர் அவர். 1945-இல் குண்டை ஜப்பான் மீது போடாதீர்கள் என்று மனு எழுதிச் சிகாகோ விஞ்ஞானிகளிடம் கையெழுத்து வாங்கியவரும் அவர்தான். மனு பலிக்கவில்லை. ஆகஸ்ட் 9-இல் நாகசாகியில் விழுந்த குண்டுக்கான புளுட்டோனியம், இந்த உலையைப் பார்த்துப் பெரிதாகக் கட்டிய ஹான்ஃபோர்டு உலைகளில் விளைந்தது. வசேடா பிள்ளைகளோடு தொப்பி கழற்றி ஆடிய அணியின் மைதானத்திலிருந்து அந்தப் பாதை தொடங்கியது என்று ஜப்பானில் யாராவது நினைத்துப் பார்த்திருப்பார்கள்.

பிறகு அந்த அணுப் பிளவைக் கட்டி வைத்து மின்சாரம் எடுக்கக் கற்றார்கள். நம் பக்கம் கல்பாக்கத்தின் முதல் உலை 1983 ஜூலையிலும், கூடங்குளத்தின் முதல் உலை 2013 ஜூலையிலும் தன் காலில் நிற்கும் அதே நிலையை எட்டின. கூடங்குளம் உலையை எதிர்த்த இடிந்தகரை மக்கள் கேட்ட கேள்விகளில், காம்ப்டன் ஹட்சின்ஸிடம் கேட்காமல் விட்டதையொட்டிய கேள்வியும் ஒன்று: யாரிடம் கேட்டு வைத்தீர்கள்?

உலை அங்கே அதிக நாள் இருக்கவில்லை. 1943-இன் தொடக்கத்திலேயே பிரித்து ஆர்கான் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1957-இல் மேற்கு மாடத்தை இடித்தார்கள். மிச்ச மைதானமும் 60-களில் போனது. ஆட்டத்துக்கு நாலைந்து தெரு தள்ளிப் புது ஸ்டாக் மைதானம் அமைந்தது. உலை எரிந்து சரியாக 25 வருஷம் கழித்து, 1967 டிசம்பர் 2-ஆம் தேதி பிற்பகல் 3:36 மணிக்கு ஹென்றி மூர் செய்த 12 அடி வெண்கலச் சிற்பத்தைத் திறந்தார்கள். ஒரு பக்கம் பார்த்தால் மண்டை ஓடு, இன்னொரு பக்கம் பார்த்தால் காளான் மேகம். சுற்றுலா வருகிறவர்கள் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் சாம்பல் நிறக் கட்டடத்தைப் பெரும்பாலோர் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அந்தக் கட்டடம் ஜோசப் ரீஜன்ஸ்டீன் நூலகம், 1970-இல் திறந்தது. பந்து ஓடிய தரையின் மேல் அலமாரிகள். பழைய ஹார்ப்பர் நூலகத்திலிருந்து நூல்கள் இங்கே குடிபெயர்ந்தன. அந்த ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறையில்தான் 1962-இல் ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடிப்போன கவிஞர் ஏ.கே. ராமானுஜன் கையில் உ.வே. சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை அகப்பட்டது. வீட்டில் தமிழ் பேசி மைசூரில் வளர்ந்தவர், சங்கக் கவிதையை முதன்முதலாக முழுசாகச் சந்தித்தது சிகாகோ நிலவறையில். ஐந்து வருஷத்தில் ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ என்ற மொழிபெயர்ப்பு நூல் வந்தது. இன்று உலகத்தில் குறுந்தொகையை ஆங்கிலத்தில் அறிந்தவர்களில் பெரும்பகுதி அந்தச் சனிக்கிழமைக்குக் கடன்பட்டவர்கள்.

சிகாகோவுக்கு இவ்வளவு தமிழ் நூல் எப்படிப் போயிற்று என்பதுதான் நம் வறண்ட காட்டோடு ஒட்டும் இடம். 1954-இல் அமெரிக்கா பொதுச் சட்டம் 480 என்று ஒன்று போட்டது. சுருக்கமாகப் பி.எல். 480. உபரிக் கோதுமையை இந்தியா போன்ற நாடுகளுக்கு விற்பார்கள், விலையை டாலரில் கேட்காமல் அந்தந்த நாட்டுக் காசிலேயே வாங்கிக்கொள்வார்கள். மழை அடுத்தடுத்துப் பொய்த்த 1966-இல் மட்டும் இந்தியா ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி செய்தது, பெரும்பங்கு இந்தக் கணக்கில். அறுபதுகளில் அரிசி ரேஷனோடு கோதுமையும் வாங்கி, அதை என்ன செய்வது என்று விழித்த வீடுகள் தென்னாட்டில் ஏராளம். அதே சட்டத்தின் தானப் பிரிவில் ‘கேர்’ அமைப்பு அனுப்பிய பால்பவுடரும் தானியமும் காமராசர் விரிவாக்கிய மதிய உணவுக்கு வந்தன. அதில் கிண்டிய உப்புமாவின் வாசனை இன்னும் மூக்கில் நிற்கும் தலைமுறை ஒன்று இருக்கிறது.

ரூபாயாகக் கொடுத்த விலை அமெரிக்காவின் பெயரில் இந்தியாவிலேயே மலைபோலக் குவிந்தது. வெளியே எடுத்துப்போக முடியாது. கடைசியில் 1974-இல் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி இந்தியாவிடம் திருப்பிக் கொடுத்ததை உலகத்திலேயே பெரிய காசோலை என்று கின்னஸ் புத்தகத்தில் போட்டார்கள். அதற்கு முன்னால், 1958-இல் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்து, அந்த ரூபாயில் ஒரு பகுதியை அமெரிக்க நூலகங்களுக்கு இந்தியப் புத்தகம் வாங்கச் செலவிடலாம் என்றார்கள். 1962-இலிருந்து டெல்லியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் அலுவலகம் ஒவ்வொரு இந்திய மொழியிலும் வெளிவரும் நூல்களைச் சேகரித்து பத்துக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. சிகாகோ அவற்றில் ஒன்று. நம் ஊரில் 500 பிரதி அச்சாகி, 300 கரையானுக்குப் போன கவிதைத் தொகுப்புக்கு அங்கே ஒரு பிரதி, அட்டை போட்டு, எண் ஒட்டி, குளிர்சாதன அறையில் இருக்கிறது. பஞ்ச காலத்தில் தின்ற கோதுமையின் காசு, அந்த மைதானத்தின் மேல் தமிழ் அலமாரியாக நிற்கிறது.

அந்த அலமாரி பின்னர் கணினிக்கும் வந்தது. 1924-இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனை இணையத்தில் எல்லோரும் இலவசமாகத் தேடும்படி வைத்திருப்பது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகம். வின்ஸ்லோ அகராதியும் ஃபெப்ரீஷியஸ் அகராதியும் அங்கேயே உண்டு. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ஒரு சொல்லுக்குப் பொருள் தட்டினால் பதில் வருவது சிகாகோவிலிருந்து. 2011-இல் ரீஜன்ஸ்டீனுக்குப் பக்கத்தில் கண்ணாடி முட்டை போல மேன்சூட்டோ நூலகத்தைக் கட்டினார்கள். தரைக்கு அடியில் 35 லட்சம் நூல் வைக்க இடம். எடுத்துக் கொடுப்பது எந்திரக் கை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு சங்கதி. காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற விளம்பரப் பலகை ஓவியர் வாழ்நாள் முழுக்கத் தமிழ் அச்சில் வந்த எதையும் சேர்த்தார். நூல், இதழ், பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை. சுமார் ஒரு லட்சம் உருப்படிகள். 1992-இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பு சிதறிவிடும் நிலை வந்தபோது அதை மொத்தமாக வாங்கிக் காத்தது சிகாகோ பல்கலைக்கழகம். இந்த முறை கப்பலேற்றவில்லை. நூல்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கும், நுண்படப் பிரதி மட்டும் சிகாகோவுக்கு என்று ஏற்பாடு. 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. கோட்டையூருக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே எத்தனை கோயில், எத்தனை கல்லூரி, எத்தனை பணக்காரர் வீடு. வாங்கிக் காக்க ஆள் கடல் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

ஸ்டாக் மைதானத்தின் மூன்று பிறவிகளில் முதல் நாள் நாலரை நிமிஷம் எரிந்த இரண்டாவதுக்குத்தான் வெண்கலச் சிற்பம். மூன்றாவது பிறவி 50 வருஷத்துக்கு மேலாக நடக்கிறது, அதற்குச் சிற்பம் கிடையாது. சந்திரசேகரின் அலுவலகம் பின்னாளில் அந்த இடத்துக்கு அடுத்த தெருவில்தான் இருந்தது. 1950-களில் அவரும் ஃபெர்மியும் சேர்ந்து ஆராய்ந்து, விண்வெளிக் காந்தப் புலங்களைப் பற்றி 1953-இல் கட்டுரைகள் வெளியிட்டார்கள். குண்டு செய்யும் வேலைக்கு லாஸ் அலமோஸ் போகாமலேயே அவர் அந்தப் போர்க்காலத்தைக் கடந்தவர் என்பதும் சொல்ல வேண்டியதுதான்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அருப்புக்கோட்டைத் தெருக்களில், பாளையம்பட்டியில், திருச்சுழி, பந்தல்குடி, மண்டபசாலைப் பக்கத்து வீடுகளில் பரண்மேல் தகரப் பெட்டிகள் இருக்கின்றன. உள்ளே தறிக்காரர் கணக்கு நோட்டு, பங்குனிப் பொங்கல் நோட்டீஸ், மிஷன் பள்ளிப் பாடநூல், தாத்தா வாங்கிய பாட்டுப் புத்தகம் இருக்கலாம். வீடு மாற்றும்போது அவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் கிலோக் கணக்கில் போடுவதற்கு முன்னால், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள். அவர்களுக்கு வேண்டாம் என்றால் பக்கத்துக் கல்லூரி நூலகரிடம் காட்டுங்கள். அதன் பிறகு பேப்பர்க்காரரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.